சொலமன் தீவின் பெரிய அரணை: இலை தின்னுமா, குட்டி போடுமா, நக்கினால் மரணமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர், 2023 ஓகஸ்ட் 6

வாட்ஸ்அப்பில ஒரு வீடியோ சுத்துது. ரெண்டரை அடிக்குக் கிட்ட நீளம், பச்சை நிறம், மரக்கொப்பில வாலைச் சுத்திக்கொண்டு கிடக்குது. கீழ "உலகத்திலயே பெரிய அரணை" எண்டு எழுதியிருக்கு. அம்மம்மா பாத்திட்டு, "சின்ன அரணை நக்கினாலே மரணம், இது நக்கினா ஊரே மிஞ்சாது" எண்டு சொல்றா. எனக்கு அது உடும்புக் குட்டி மாதிரித்தான் தெரியுது. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

2023 ஓகஸ்ட் 6, இரவு

உடும்பு இல்லை தம்பி, அரணையேதான். விலங்கியல் பெயர் கொருசியா செப்ராட்டா. பசிபிக் கடலில் பப்புவா நியூகினிக்குக் கிழக்கே இருக்கும் சொலமன் தீவுகள்தான் அதன் ஊர். அரசியல் எல்லையில் பப்புவா நியூகினியோடு சேர்ந்துவிட்ட பூகன்வில், புக்கா தீவுகளிலும் உண்டு. வேறு எங்கும் காட்டில் கிடையாது. இன்று உயிரோடு இருக்கும் அரணைகளில் இதைவிடப் பெரியது இல்லை. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 80 சென்ரிமீற்றர் வரை போகும், அதில் பாதிக்கு மேல் வால். 1855இல் பிரித்தானிய விலங்கியலாளர் ஜோன் எட்வர்ட் கிரே அதற்குப் பெயர் வைத்தார். அந்தப் பேரினத்தில் இந்த ஒரு இனம் மட்டுமே.

உடும்பைப் பிரித்து அறிவது லேசு. உடும்புக்குக் கழுத்து நீளம், நாக்கு பாம்பின் நாக்கைப்போல இரண்டாகப் பிளந்து வெளியே வந்து போகும். வீடியோவில் இருப்பதற்குத் தலை முக்கோணம், கழுத்துக் கட்டை, உடம்பு முழுக்க வழுவழுத்த செதில்.

நஞ்சு கிடையாது. அதற்கும் இல்லை, நம் வளவு அரணைக்கும் இல்லை. உலகத்தில் நஞ்சுள்ள அரணை என்று ஒன்றுமே இல்லை. அம்மம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

2023 ஓகஸ்ட் 7

"இவ்வளவு உறுதியாகச் சொல்றீங்களே, எங்க கண்டீங்க?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

ஜெர்மனியில் இருந்த காலத்தில் ஒரு விலங்குக் காட்சிச்சாலையில் ஊர்வன பகுதிக் குசினியில் வேலை செய்தேன். விடியக்காலையில் மரக்கறி வெட்டுவது, தட்டுகளைக் கொண்டுபோய் வைப்பது, கூடு கழுவுவது. முதலைக்கும் மலைப்பாம்புக்கும் இறைச்சி. ஒரு கண்ணாடிக் கூட்டுக்கு மட்டும் கீரை, பூசணி, வத்தாளைக் கிழங்கு, மாம்பழத் துண்டு, செவ்வரத்தம்பூ. முதல் கிழமை நான் அந்தத் தட்டை ஆமைக்கு என்றுதான் நினைத்தேன். கூட்டுக்குள் ஆமையைக் காணவில்லை. மேலே ஒரு தடித்த கொப்பில், ஒன்றின் மேல் ஒன்று தலை வைத்தபடி நாலைந்து பச்சை அரணைகள் படுத்திருந்தன.

பகலில் அசையவே மாட்டா. விளக்கை அணைக்கப்போகும் நேரம்தான் இறங்கி வரும். ஒரு கால் எடுத்து வைத்து, வாலால் கொப்பைப் பிடித்து, பிறகு அடுத்த கால். நான் பார்த்த ஊர்வனவற்றில் இவ்வளவு ஆறுதலாக நடப்பது வேறு இல்லை. வேலை முடிந்த பிறகும் அந்தக் கூட்டின் முன்னால் நிற்பேன். ஊர்ச் செய்தி கேட்டு மனம் குலைந்துபோன நாட்களில் அது எனக்கு எவ்வளவு துணையாக இருந்தது என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு.

2023 ஓகஸ்ட் 9

ஒரு ரீச்சர் கேட்டது: "தாவரம் மட்டும் தின்னும் அரணையா? நாங்கள் பிள்ளைகளுக்கு அரணை பூச்சி தின்னும் என்றல்லவா படிப்பிக்கிறோம்?"

நீங்கள் படிப்பிப்பது சரிதான் ரீச்சர். நம் வளவில் ஓடும் அரணை கரப்பான், வெட்டுக்கிளி, கறையான் தின்றே வாழ்கிறது. அரணைகளில் பெரும்பாலானவை அப்படித்தான். சொலமன் அரணைதான் விலக்கு. இலை, குருத்து, பூ, பழம். பூச்சியை நாடாது.

அது விரும்பித் தின்னும் இலைகளில் ஒன்று நம் வீட்டு விறாந்தையில் போத்தலுக்குள் வளரும் மணிபிளாண்ட். அந்தச் செடியின் தாய்நிலமும் பசிபிக் தீவுப் பக்கம்தான். அதன் இலையில் கல்சியம் ஒக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. மனிதர் மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும், ஆடும் ஒதுக்கிவிட்டுப் போகும். இந்த அரணைக்கு ஒன்றும் செய்யாது. எங்கள் குசினியில் மணிபிளாண்டுக்கென்றே ஒரு தொட்டி வைத்து வளர்த்தோம். கீரையும் பூசணியும் தட்டில் மிஞ்சும், மணிபிளாண்ட் காம்பு கூட மிஞ்சாது.

(சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தப் போத்தலை எட்டாத உயரத்தில் வையுங்கள். இது அரணைக்கு வெளியேயுள்ள விசயம், ஆனாலும் சொல்லவேண்டும்.)

2023 ஓகஸ்ட் 10

விடுபட்டது ஒன்று. பூகன்வில், புக்காவில் இருப்பதை 1997இல் ஜெர்மன் ஆய்வாளர் குந்தர் கோலர் தனித் துணையினமாகப் பிரித்தார். அவற்றின் கண் மஞ்சள்.

2023 ஓகஸ்ட் 20

குட்டி பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது.

ஆம், குட்டிதான் போடும். முட்டை இல்லை. ஆறிலிருந்து எட்டு மாதம் வரை தாய் சுமக்கும், அந்தக் காலத்தில் தாயின் உடம்பிலிருந்தே கருவுக்கு ஊட்டம் போகிறது. பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி. பிறக்கும்போதே தாயின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். நான் முதன்முதல் கண்டபோது இது இவ்வளவு நாளும் எங்கே இருந்தது என்று திகைத்து நின்றேன்.

அன்றைக்குக் கூடு கழுவப் போனேன். வழக்கமாக என் கையைப் பற்றியே கவலைப்படாத அந்தத் தாய், குட்டிக்கும் எனக்கும் நடுவில் வந்து வாயைத் திறந்து சீறியது. தாடை பலமானது, கடித்தால் விடாது. நஞ்சில்லாவிட்டாலும் தோல் கிழியும். பொறுப்பாளர் என் தோளைப் பிடித்து இழுத்து, "இன்றைக்கு விடு, அடுத்த சில நாட்களுக்கும் முழுக்கக் கழுவாதே" என்றார். காரணத்தையும் சொன்னார்: இலையைச் செரிக்கக் குடலில் நுண்ணுயிர்கள் வேண்டும், குட்டி அவற்றோடு பிறப்பதில்லை. பெரியவற்றின் எச்சத்தைத் தின்றுதான் அவற்றைப் பெற்றுக்கொள்ளும். நான் பளபளவென்று கழுவி வைத்தால் குட்டி தின்றும் பட்டினி கிடக்கும். மாட்டு வயிற்றுக்குள் நடக்கிற வேலைதான் இதன் பின்குடலுக்குள்ளும் நடக்கிறது என்று அவர் விளக்கியது இன்னும் நினைவில் இருக்கிறது.

குட்டி பல மாதம் கூட்டத்தோடேயே இருக்கும், ஒரு வருடம் வரைகூட. ஊர்வன முட்டையை இட்டுவிட்டுப் போய்விடும் என்றுதான் நாங்கள் பள்ளியில் படித்தோம். இங்கே ஒரு குடும்பம் ஒரே மரத்தில் சேர்ந்து வாழ்கிறது. புதிதாக ஒன்றைக் கொண்டுபோய் உள்ளே விட்டால் சண்டைதான், காயம் பெரிதாகவே வரும்.

2023 ஓகஸ்ட் 22

"ஊர்வன எப்படிக் குட்டி போடும்?" என்று தம்பி ஒருவர் நம்பாமல் எழுதியிருக்கிறார். வயலில் வேலை செய்கிற ஆரையாவது கேளுங்கள் தம்பி, கண்ணாடி விரியன் குட்டி போடுவது அவர்களுக்குத் தெரியும். இன்னொன்றும் நம் நாட்டிலேயே இருக்கிறது. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் குளிர்க் காட்டில் கொபோட்டிஸ் சிலானிக்கா என்று ஒரு சிறிய ஓணான். இலங்கைக்கு மட்டுமே உரியது. அது குட்டியும் போடும், வாலால் கொப்பைச் சுற்றியும் பிடிக்கும். சொலமன் அரணைக்கு அது சொந்தக்காரன் இல்லை, வேறு குடும்பம். ஆனால் மரத்தில் ஆறுதலாக வாழ்கிற வாழ்க்கை இரண்டுக்கும் ஒரே உடலமைப்பைக் கொடுத்திருக்கிறது.

2023 செப்டெம்பர் 3

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) இந்த அரணையின் விலை கேட்டிருக்கிறார். "கொழும்பில் எடுப்பிக்கலாமா, கோடிப்புறத்தில் கூடு அடிச்சு வளர்க்கலாமா?"

வேண்டாம் காக்கா. கோபிக்காதீர்கள், ஆசை எனக்கு விளங்குகிறது. நானே அந்தக் கூட்டின் முன்னால் நின்றவன். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் இவற்றை ஆயிரக்கணக்கில் காட்டிலிருந்து பிடித்து அமெரிக்காவுக்கு ஏற்றினார்கள், வீட்டில் வளர்க்கிறவர்களுக்காக. 1992இல் சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்த பிறகும் அந்த ஏற்றுமதி உடனே நிற்கவில்லை. சொலமன் தீவுகள் ஒப்பந்தத்தில் சேர்ந்ததே 2007இல். இலங்கை 1979இலேயே சேர்ந்துவிட்டது, ஆகவே அனுமதிப்பத்திரம் இல்லாமல் இங்கே கொண்டுவந்தால் குற்றம்.

சட்டத்தை விடுங்கள். ஒரு தடவையில் ஒரு குட்டி. அது வளர்ந்து தானும் ஒரு குட்டி போட வருடங்கள் செல்லும். ஒரு மரத்திலிருந்து ஒரு தாயைப் பிடித்தால் அந்த மரத்தின் அடுத்த பல வருடமும் சேர்ந்தே போகிறது. கோழி, புறா வளர்க்கிற கணக்கு இதற்குச் சரிவராது. கூட்டில் வளர்த்தால் கால் நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு இருக்கும், அவ்வளவு காலமும் வெப்பம், ஈரம், கூட்டத்துணை எல்லாம் கொடுக்க நம்மால் ஏலுமா? தனியாக ஒன்றை அடைத்து வைப்பது அதன் இயல்புக்கே மாறானது.

2023 செப்டெம்பர் 5

முந்தைய குறிப்பை எழுதிய பிறகு யோசித்துக்கொண்டிருந்தேன். வியாபாரத்தைப் பற்றி மட்டும் எழுதினால், ஆரும் வாங்காவிட்டால் அந்த அரணைக்கு ஒரு குறையும் இல்லை என்று படும். அப்படி இல்லை. அங்கே ஊர்ச்சனம் சில இடங்களில் அதைப் பிடித்துச் சமைக்கவும் செய்கிறது, அது பழங்காலந்தொட்டு நடப்பது. எல்லாவற்றையும்விடப் பெரிய அடி மரம் வெட்டுவதுதான். சொலமன் தீவுகளின் ஏற்றுமதிப் பணத்தில் பெரும் பங்கு வெட்டிய மரக்குற்றிகளிலிருந்து வருகிறது. குற்றியாகவே கப்பலில் ஏறும், அதிகமும் சீனாவுக்கு.

இந்த அரணை எந்த மரத்திலும் வாழாது. ஆல், அத்தி வகைப் பெருமரம் வேண்டும். பொந்து வேண்டும், மேலே ஒட்டிப் படரும் கொடியும் வேண்டும், அந்தக் கொடிதான் சாப்பாடு. நம் ஊர் மரக்காலையில் அடுக்கி வைத்திருக்கும் பாலை, முதிரைக் குற்றிகளின் குறுக்கு வெட்டைப் பாருங்கள். அவ்வளவு மொத்தம் வைக்க எத்தனை தலைமுறை எடுத்திருக்கும்? "ஒன்றை வெட்டினால் பத்து நடுவோம்" என்று மேடையில் பேசுகிறார்கள். நடுவது நல்லதுதான். ஆனால் நட்ட கன்றில் பொந்து விழ நம் பேரப்பிள்ளைகளின் காலம் வரவேண்டும், அதுவரை பொந்தில் வாழ்கிற சீவன் எங்கே இருக்கும்?

2023 செப்டெம்பர் 18

"இப்படித் தீவில் பெரிய அரணை வேறெங்கும் இருந்ததா?" நல்ல கேள்வி, சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆபிரிக்காவுக்கு மேற்கே கேப் வேர்டில், பிராங்கோ, ராசோ என்ற வறண்ட சிறு தீவுகளில் ஒரு பெரிய அரணை இருந்தது. மனிதர் தின்றார்கள், எண்ணெய்க்கும் பிடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அழிந்துபோயிற்று. மொரிசியசிலும் ஒரு பெரிய இனம் மனிதர் குடியேறிய பிறகு அழிந்தது. அதன் உறவினமான டெல்பெயர் அரணை மட்டும் பக்கத்தில் ரவுண்ட் தீவில் தப்பிக் கிடந்தது. அந்தத் தீவில் ஆடும் முயலும் புல்பூண்டை எல்லாம் தின்று தீர்த்திருந்தன. அவற்றை அகற்றிய பிறகு செடி வந்தது, அரணையும் பெருகியது. அங்கிருந்து வேறு சிறு தீவுக்கும் கொண்டுபோய் விட்டார்கள். நியூ கலிடோனியாவில் போக்கூர் அரணை என்பது 1876இல் விவரிக்கப்பட்டு, பிறகு ஆரும் காணாமல் அழிந்தது என்று விட்டுவிட்டார்கள். 2003இல் ஒரு குட்டித் தீவில் உயிரோடு கண்டார்கள்.

முழுக்க அழியுமுன் கை கொடுத்தால் ஒரு இனம் திரும்பும் என்பதற்கு ரவுண்ட் தீவு போதும்.

2023 ஒக்டோபர் 8

வெல்லாவெளியிலிருந்து வந்த படத்துக்கு நன்றி. பலாமரத்தின் அடியில், தலையில் கறுப்பும் மஞ்சளும் கோடு கோடாக, உடம்பில் கறுப்புப் பட்டைகளோடு ஒன்று. கீழே ஒருவர் "இது சொலமன் அரணையின் குட்டி, ஆரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். இல்லை. அது நம்முடையதே. டாசியா ஹாலியானா, மரத்தில் வாழும் அரணை. 1887இல் விவரிக்கப்பட்டது, கொழும்பு நூதனசாலையின் முதல் பணிப்பாளர் ஹாலியின் பெயரைத் தாங்கியது. தென்னிந்தியாவிலும் அதே இனம் இருப்பதாக நீண்டகாலம் எழுதிவந்தார்கள். 2012இல் அங்குள்ளது வேறு இனம் என்று பிரித்துவிட்டார்கள். ஆகவே ஹாலியானா இலங்கைக்கு மட்டுமே உரியது.

எனக்கு மனம் நிறைந்துபோன படம் அது. பசிபிக் அரணையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், நம் பலாமரத்தில் உலகில் வேறெங்கும் இல்லாத ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது. லங்காஸ்கிங்கஸ், நெசியா என்ற இரண்டு பேரினங்களும் இந்தத் தீவுக்கே உரியவை. நெசியாவில் சிலவற்றுக்குக் கால் தேய்ந்தே போய்விட்டது. மண் வெட்டும்போது புழுவா பாம்பா என்று தெரியாமல் மண்வெட்டியால் கொத்திவிடுகிறோம். 2008இல்கூட நம் உலர்வலயத்திலிருந்து யூட்ரோபிஸ் தம்மன்னா என்று ஒரு அரணையைப் புது இனமாக விவரித்தார்கள். அம்பாறை, மட்டக்களப்புக் காடுகளில் இன்னும் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

2023 ஒக்டோபர் 15

களுவாஞ்சிகுடித் தம்பி எழுதியிருக்கிறார்: அம்மம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையாம். "அப்ப ஏன் அந்தக் காலத்தில ஆக்கள் செத்தவை?" என்று கேட்டாவாம்.

அம்மம்மாவின் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள், அதில் விசயம் இருக்கிறது. வேலியடியில், வைக்கோல் போரில், இருட்டில் ஏதோ கடிக்கும். வெளிச்சம் கொண்டுவந்து பார்க்கும்போது பாம்பு போயிருக்கும், அரணை ஒன்று ஓடும். கண்ணில் பட்டதன் மேல் பழி விழும். எங்கள் பக்கத்து வளவில் நான் சின்னப் பிள்ளையாக இருக்கையில் அப்படித்தான் ஒரு சாவு நடந்தது. வீங்கிய காலையும் இரத்தம் நிற்காததையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு யோசித்தால் அது விரியன் கடி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் ஒரு அரணையையும் உயிரோடு விடவில்லை.

ஆகவே இதைக் கவனமாக வாசியுங்கள். அரணைக்கு நஞ்சில்லை என்று நான் சொல்வதை வைத்து, கடித்தது இன்னதென்று காணாமல் "அரணையாகத்தான் இருக்கும்" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். வயலிலோ வளவிலோ ஏதாவது கடித்து, அது என்னவென்று தெரியாவிட்டால் நேரே பெரிய ஆஸ்பத்திரி. கட்டி இறுக்க வேண்டாம், வெட்ட வேண்டாம், கடிபட்ட காலை ஆட்டாமல் கொண்டுபோங்கள். பாம்பு நஞ்சுக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது.

2023 நவம்பர் 23

இன்றைக்கு 1978 சூறாவளி அடித்து 45 வருடம். அரணை இழையில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன், பெருமரத்தைப் பற்றிய பேச்சோடு சேர்ந்தது இது.

அன்றிரவு மட்டக்களப்பில் தென்னந்தோட்டங்கள் படுத்துவிட்டன. எங்கள் கோயிலடி ஆலமரமும் வேரோடு சாய்ந்தது. அதன் பொந்துகளில் கிளியும் ஆந்தையும் இருந்தன, அடியில் அரணையும் ஓணானும். நாங்கள் பிள்ளைகள் கொப்புக்குள் புகுந்து விளையாடினோம், பெரியவர்கள் விறகுக்கு வெட்டினார்கள். தென்னை சில வருடத்தில் திரும்ப வந்தது. புது ஆலங்கன்று ஒன்றும் வைத்தார்கள். ஊருக்குத் திரும்பி வந்தபின் போய்ப் பார்த்தேன். நல்ல நிழல் தருகிறது, விழுதும் விட்டிருக்கிறது. ஆனால் கிளி இருக்கிற அளவுக்கு ஒரு பொந்தை அதில் நான் காணவில்லை. நாற்பத்தைந்து வருடம்!

சொலமன் தீவுகளுக்கும் சூறாவளி புதிதில்லை. 1986 மே மாதம் நாமு என்ற சூறாவளி குவாடல்கனாலையும் மலைட்டாவையும் புரட்டிப்போட்டது, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். காற்று சில மரத்தைச் சாய்க்கும், சிலதை விட்டுவிட்டுப் போகும். சங்கிலி வாளோடு போகிறவர்கள் தேர்ந்தெடுப்பதே பருத்த மரத்தைத்தான். நம் பக்கம் குடும்பிமலை, புல்லுமலை, லாகுகலைப் பகுதியில் பெருமரம் இன்னும் நிற்கிறது. அவற்றை வெட்ட விடக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

2023 நவம்பர் 26

வெல்லாவெளி வாசகர் கேட்டது: பலாமரத்தில் ஒரு பட்ட கொப்பு இருக்கிறதாம், பொந்து விழுந்திருக்கிறதாம், ஓடாவி வந்து "தறிச்சு விடுவம்" என்கிறாராம்.

வீட்டுக் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் தறியுங்கள், மாரியில் விழுந்தால் ஆபத்து. கூரைக்கு விலகி இருந்தால் விட்டுவிடுங்கள். நடுவழி ஒன்றும் உண்டு: நீட்டிய பகுதியை மட்டும் எடுத்து, பொந்துள்ள அடிக்கட்டையை மரத்தோடேயே விடலாம். தறிக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் பொந்துக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள், கையை விடவேண்டாம். உள்ளே பாம்பும் இருக்கலாம்.

2023 நவம்பர் 30

படம் அனுப்புகிறவர்களுக்கு: தலையைப் பக்கவாட்டில் ஒன்று, முதுகை மேலிருந்து ஒன்று, முடிந்தால் கால் விரல் தெரிய ஒன்று. பிடிக்க வேண்டாம், வாலைத் தொடவே வேண்டாம், நம் வளவு அரணை வாலைக் கழற்றிவிட்டு ஓடும். மரத்தில் கண்டதா, தரையிலா, என்ன மரம், எத்தனை மணிக்கு என்று சேர்த்து எழுதுங்கள். களுவாஞ்சிகுடித் தம்பி, கிணற்றடி அரணையை அம்மம்மாவே போனில் படமெடுத்து அனுப்பச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள், அந்தப் படம் இன்னும் வரவில்லை. திரும்ப ஏற்றிவிடுங்கள்.